மகனின் நாணில் நழுவிய அம்பு: மர அம்புகளுக்குக் குதை பொருத்துவது பற்றி

தெற்கு இங்கிலாந்தில் வசிக்கும் வாசகி ஒருவர் விரிவான கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

இவர் உள்ளூர் வில்வித்தைச் சங்கத்தில் ஆங்கிலேய நீள்வில் பழகுகிறார். வில்லின் இழுவிசை 28 அங்குல இழுப்பில் 38 பவுண்டு. கடையில் வாங்கிய அம்புகள் போதாமல், 11/32 அங்குல போர்ட் ஆர்ஃபர்ட் சிடார் மரத் தண்டுகள் பன்னிரண்டு வாங்கித் தானே அம்பு செய்தார். தண்டின் வால்முனையைக் கூம்பாகச் சீவி, முழுத் தண்டையும் வார்னிஷில் முக்கிக் காயவைத்து, பிறகு பிளாஸ்டிக் குதைகளை, அதாவது அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவுள்ள மூடிகளை, ஒட்டியிருக்கிறார். சில வாரங்களில் மூன்று குதைகள் கழன்று விழுந்தன. இதற்கிடையே நாணின் நடுவில் இருந்த நூல்சுற்று பிய்ந்துபோக, கையில் கிடைத்த தடித்த நூலால் மறுபடி சுற்றினார். அதன்பின் குதைகள் நாணில் ஏறவே சிரமப்பட்டன. இரண்டின் காதுகள் (பிளவின் இரு பக்கக் கிளைகள்) வெடித்தன. மிச்சமிருந்த ஏழையும் ஊசி அரத்தால் ராவி வாயை அகலமாக்கினார்.

சென்ற மாதம் இவருடைய 13 வயது மகன், தன் 20 பவுண்டு ரிகர்வ் வில்லில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) அம்மாவின் அம்பு ஒன்றைப் பூட்டி இழுத்திருக்கிறான். விடும் நொடியில் அம்பு நாணை விட்டு நழுவிக் காலடியில் விழ, நாண் வெறுமனே பாய்ந்தது. முன்கையில் பெரிய தடிப்பு. பையன் பயந்துபோய் வில்லைத் தொட மறுக்கிறான்.

வாசகியின் கேள்விகள்: "போர்ட்ஸ்மவுத்தில் மேரி ரோஸ் கப்பலின் அம்புகளைப் பார்த்தேன். பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு அவற்றைப்போல மரத்திலேயே குதை வெட்டிக்கொள்ளலாமா? அதுதானே உண்மையான மரபு, பாதுகாப்பும்கூட? கணவர் சூப்பர் குளூ போட்டால் போதும் என்கிறார். சங்கத்துத் தோழி, குதை எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்கிறார். தரமற்ற குதைகளை விற்ற கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? நடந்ததைச் சங்கத்தில் சொன்னால் மகனை விலக்கிவிடுவார்களோ?"

அன்புள்ள சகோதரிக்கு,

மகனின் கைத்தடிப்பு ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். அவன் பயந்ததில் தவறே இல்லை. அம்பு இல்லாமல் நாண் விடுபடுவது வில்லுக்கு நேரக்கூடிய மோசமான விஷயங்களில் ஒன்று. வளைந்த வில்லில் தேங்கிய ஆற்றலில் பெரும்பகுதியை அம்புதான் வாங்கிக்கொண்டு போகிறது. அம்பு இல்லையென்றால் அந்த ஆற்றல் முழுவதும் வில்லின் லிம்புகளிலும் (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகள்) நாணிலும்தான் அதிரும். 20 பவுண்டு வில்லில் நடந்ததால் தடிப்போடு போயிற்று. அதே அம்பு உங்கள் 38 பவுண்டு மர வில்லில் நழுவியிருந்தால் வில்லே முறிந்திருக்கலாம். ஆகவே அரத்தால் ராவிய அந்த ஏழு அம்புகளையும் இன்றே தனியே எடுத்துவையுங்கள். குதை மாற்றும்வரை யாரும் எந்த வில்லிலும் அவற்றைப் பூட்ட வேண்டாம்.

மகனின் வில்லை முதலில் பாருங்கள்

அம்புகளைத் தொடுவதற்கு முன் இது முடிய வேண்டும். நாணைக் கழற்றிவிட்டு, ஒரு பஞ்சுத் துண்டை இரண்டு லிம்புகளின் முன்பக்கம், பின்பக்கம், ஓரங்கள் மீது மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் இழை பிரிந்திருக்கும், அல்லது விரிசல் விட்டிருக்கும். ஓரங்களில் அடுக்குகள் பிரிந்த கோடு தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். லிம்ப் நுனியில் நாண் உட்காரும் பள்ளங்களையும், லிம்பைப் பிடியோடு இணைக்கும் திருகாணிகளையும் சோதியுங்கள். நாணின் இரண்டு கண்ணிகளிலும் ஓர் இழை அறுந்திருந்தாலும் நாணை மாற்றிவிடுங்கள். பிறகு நாண் பூட்டி, நுனியிலிருந்து நேராகப் பார்த்து, லிம்ப் எதுவும் முறுக்கிக்கொள்ளவில்லை என்று உறுதி செய்யுங்கள். இதில் எங்காவது சந்தேகம் வந்தால் பையன் அந்த வில்லை இழுக்க வேண்டாம். சங்கப் பயிற்றுநர் பார்த்துச் சொல்லட்டும்.

கோளாறு நாணில் தொடங்கியது

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தால் ஒரு வரிசை புலப்படுகிறது. நூல்சுற்றை மாற்றும்வரை குதைகள் நாணில் சரியாகவே பொருந்தின. தடித்த நூல் வந்ததும் இறுகின. இறுகியதால் அரம் வந்தது. உங்கள் தடித்த நாணுக்காக அகலமாக்கிய குதை, மகனின் மெல்லிய நாணில் தொளதொளவென்று ஆடியது. குதை என்பது தண்டோடு ஒட்டப்படும் பொருள் என்றாலும் அதன் அளவைத் தீர்மானிப்பது நாண்தான். இதைத்தான் புதிதாக அம்பு செய்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். தண்டின் விட்டத்துக்குப் பார்த்துப் பார்த்துக் குதை வாங்குவார்கள். நாணின் தடிமனை அளக்கவே மாட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். நூல்சுற்றுக்கு விற்கும் நூல் பொதுவாக 0.018, 0.021, 0.024 அங்குலத் தடிமன்களில் கிடைக்கும். 0.018க்குப் பதில் 0.024 நூல் சுற்றினால், நாணின் இரண்டு பக்கமும் 0.006 அங்குலம் கூடும், மொத்தம் 0.012 அங்குலம், அதாவது 0.3 மி.மீ. கேட்பதற்குச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் 3 மி.மீ. அளவே உள்ள ஒரு வாயில் 0.3 மி.மீ. என்பது பத்தில் ஒரு பங்கு. காதுகள் வெடிக்க அது போதும். மகனின் வில் இலகுவானது என்பதால் அதன் நாணில் இழைகளும் குறைவாக இருக்கும். உங்கள் டேக்ரான் (செயற்கை இழை) நாண் 12 இழை என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுடையது 8 அல்லது 10 இழையாக இருக்கலாம். எண்ணிப் பாருங்கள்.

அதனால் என் யோசனை: குதையை ராவாதீர்கள், நாணைத் திருத்துங்கள். ராவிய குதையில் போன பிளாஸ்டிக் திரும்ப வராது. அரம் விட்ட கீறலில்தான் அடுத்த விரிசலும் பிறக்கும். நூல்சுற்றையோ கால் மணி நேரத்தில் அவிழ்த்து மறுபடி சுற்றலாம். உங்கள் நாணில் இப்போதுள்ள சுற்றை அவிழ்த்துவிட்டு 0.018 நூலால் சுற்றுங்கள். மகனின் நாண் மெலிந்ததாக இருந்தால், சுற்றுக்கு அடியில் அதே நாண் இழையில் இரண்டு துண்டுகளை நீளவாக்கில் வைத்து, அவற்றின் மேல் சுற்றினால் தடிமன் கூடும். அளக்க வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. குதை வாயை அளக்க டிரில் பிட்டின் வழவழப்பான அடித்தண்டு போதும், 2.5, 2.8, 3.0 மி.மீ. பிட்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும்.

உங்கள் தோழி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. தொளதொளப்பு ஆபத்து என்பது சரி. ஆனால் அதற்கு மாற்று இறுக்கம் என்பது சரியல்ல. இறுகிய குதை, நாண் நின்ற பிறகும் அம்பின் வாலைப் பிடித்து இழுக்கும். ஒவ்வொரு அம்பையும் ஒவ்வொரு அளவில் பிடிப்பதால் அம்புகள் சிதறும். நூல்சுற்றும் சீக்கிரம் தேயும். காதுகள் எந்நேரமும் விரிந்தே இருப்பதால் ஒருநாள் வெடிக்கும். எய்யும் நொடியில் வெடித்தால், மகனுக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும்.

பொருத்தம் சரியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. நாண் தரைக்கு இணையாக இருக்கும்படி வில்லைப் படுக்கையாகப் பிடியுங்கள். அம்பைப் பூட்டி, கூர்முனை கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். அம்பு தன் எடையைத் தாங்கித் தொங்க வேண்டும். குதையிலிருந்து 5 செ.மீ. தள்ளி நாணை ஒரு விரலால் சுண்டினால் விழ வேண்டும். சுண்டாமலே விழுந்தால் தளர்வு. இரண்டு மூன்று முறை பலமாகச் சுண்டியும் விழவில்லை என்றால் இறுக்கம். புதுக் குதை போட்ட பிறகு பன்னிரண்டு அம்புகளையும் இப்படிச் சோதியுங்கள். இரண்டு பேரும் ஒரே அம்புகளை எய்வதாக இருந்தால் இரண்டு நாண்களிலும் சோதியுங்கள்.

இன்னொரு இடத்தையும் கவனியுங்கள். நாணில் குதை உட்காரும் இடத்தைக் குறிக்கப் பித்தளை வளையமோ நூல் முடிச்சோ போட்டிருப்பீர்கள். அம்பைக் கைமீது வைத்து எய்யும் நீள்வில்லுக்கு அது, அம்பு நாணுக்குச் செங்குத்தாக நிற்கும் இடத்திலிருந்து சுமார் 10 முதல் 12 மி.மீ. மேலே இருப்பது நல்ல தொடக்கம். குதைக்கு மேலும் கீழும் இரண்டு முடிச்சு போட்டிருந்தால், நடுவில் குதையின் அகலத்தைவிட ஒரு மி.மீ. கூடுதல் இடம் விடுங்கள். இழுக்கும்போது நாண் கோணமாக மடங்கும். இடமில்லாவிட்டால் முடிச்சுகளே குதையை நசுக்கி நாணிலிருந்து வெளியே தள்ளும். விரல்களால் குதையைக் கிள்ளிப் பிடித்தாலும் இதே விளைவுதான். மகன் அப்படிப் பிடிக்கிறானா என்று பாருங்கள். பழகும் பிள்ளைகளில் பலர் அம்பு விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கிள்ளுவார்கள்.

குதைகள் ஏன் கழன்றன

இது வேறு கோளாறு. நாணோடு சம்பந்தம் இல்லாதது. கழன்ற மூன்று குதைகளின் உட்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே கண்ணாடித் தோல்போல வார்னிஷ் உரிந்து வந்திருந்தால், பசை வார்னிஷைப் பிடித்திருக்கிறது, வார்னிஷ் மரத்தைப் பிடிக்கவில்லை. மர நார் கிழிந்து ஒட்டியிருந்தால் பசை நன்றாகப் பிடித்திருக்கிறது, மரம்தான் தாங்கவில்லை. பசை முழுவதும் மரத்திலேயே தங்கி, பிளாஸ்டிக் மட்டும் சுத்தமாக வந்திருந்தால், குதையின் உள்ளே எண்ணெய்ப்பசை இருந்திருக்கும், அல்லது அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பொருந்தாத பசையாக இருக்கும்.

நீங்கள் கூம்பு சீவிய பிறகு வார்னிஷில் முக்கியதால், முதல் காரணமே என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். அப்படியென்றால் சூப்பர் குளூவும் அதே வார்னிஷைத்தான் பிடிக்கும். வார்னிஷோடு அதுவும் உரிந்து வரும். தவிர, சூப்பர் குளூ நொடியில் இறுகிவிடுவதால் குதையைத் திருப்பிச் சரிசெய்ய நேரம் கிடைக்காது. காய்ந்தபின் அதிர்ச்சியில் நொறுங்கும் தன்மையும் அதற்கு உண்டு. மர அம்புக் குதைக்கு என்றே விற்கும் கரைப்பான் வகைப் பசைகள், உதாரணமாக போனிங் நிறுவனத்தின் ஃப்ளெட்ச்-டைட், பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை லேசாக இளக்கிப் பிடிக்கும். ஒரு நிமிடமாவது திருப்பிச் சரிசெய்ய இடம் தரும். கணவரிடம் சூப்பர் குளூவைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பின்னால் சொல்லப்போகும் நூல்கட்டுக்கு அது மிகவும் உதவும்.

பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்தும் முறை

வெடித்த இரண்டு, ராவிய ஏழு, கழன்ற மூன்று என்று பன்னிரண்டுக்கும் புதுக் குதைகளே போடுங்கள். 11/32 தண்டுக்கு 11/32 குதையே வேண்டும். 5/16 குதையைப் போட்டாலும் கூம்பில் ஏறத்தான் செய்யும். ஆனால் 4 மி.மீ. அளவுக்குக் கூம்பு வெளியே தெரியும், அங்கே மரம் மெலிந்து பாதுகாப்பின்றி நிற்கும். ஒரு பக்கம் விரலுக்குத் தெரியும் மேடு உள்ள குதையாகப் பார்த்து வாங்குங்கள். அம்பைப் பார்க்காமலே எந்தப் பக்கம் வெளியே என்று கைக்குத் தெரியும், மகனுக்கும் வசதி.

பழைய குதையை நெருப்பில் காட்டி எடுக்காதீர்கள். சில வகைப் பிளாஸ்டிக் சட்டென்று பற்றிக்கொள்ளும், மரமும் கருகும். கூரிய கத்தியால் குதையை நீளவாக்கில், உடலுக்கு எதிர்த்திசையில் கீறி, குறடால் முறுக்கினால் பிளந்து வந்துவிடும். கத்தி கூம்பில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கூம்பு. மர அம்பின் வால்முனைக் கூம்பு 11 டிகிரி, கூர்முனைக் கூம்பு 5 டிகிரி. பென்சில் சீவி போன்ற அந்தச் சின்னக் கருவியில் இரண்டு துளைகளும் பக்கத்தில் பக்கத்திலேயே இருப்பதால் மாறிப்போவது சகஜம். 5 டிகிரிக் கூம்பில் குதையைப் போட்டால் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டு ஆடும். 11 டிகிரித் துளையில் தண்டை விட்டு ஒரு சுற்று மட்டும் சுற்றுங்கள். வார்னிஷ் மட்டும் சீவப்பட்டு, வெளிர்நிற மரம் தெரிய வேண்டும். அதற்குமேல் சீவினால் தண்டு குட்டையாகிக்கொண்டே போகும். கூம்பின் நுனியில் ஒரு மி.மீ. வெட்டிவிடுங்கள். நுனி குதையின் உள்ளடியில் முட்டினால் பக்கங்கள் சரியாக உட்காராது. 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கூம்பையும் குதையின் உட்பக்கத்தையும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

இப்போது திசை. பசை தொடுவதற்கு முன் தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள். இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் நேர்க்கோடுகள் நெருக்கமாக ஓடும். மற்ற இரண்டு பக்கங்களில் தீச்சுடர் வடிவில் கூரான வளைவுகள் தெரியும். இவை மரத்தின் ஆண்டு வளையங்கள் வெட்டுப்பட்ட தடங்கள். நாண் நுழையும் பிளவு, சுடர் தெரியும் மேற்பக்கத்திலிருந்து சுடர் தெரியும் கீழ்ப்பக்கத்துக்குப் போக வேண்டும். அதாவது வளையங்களைக் குறுக்காகக் கடக்க வேண்டும். அப்போது கோடுகள் ஓடும் பக்கம் வில்லைப் பார்த்து நிற்கும். தண்டு அதிகம் விறைப்பாக இருப்பது அந்தப் பக்கம்தான்; கடைக்காரர் தண்டின் விறைப்பை அளந்து தரம் பிரித்ததும் அந்தப் பக்கத்தை வைத்தே. மேற்பக்கத்துச் சுடர்களின் கூர், இலக்கை நோக்கி இருக்கட்டும். என்றாவது தண்டு முறிந்தால் பின்பாதி மேலே ஏறிப் போகும், வில்லைப் பிடித்த கைக்குள் பாயாது. கைமீது வைத்து எய்யும் நீள்வில்லுக்கு இது உயிரான விஷயம்.

உங்கள் அம்புகளில் இறகு ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. மூன்று இறகில் வேறு நிறத்தில் உள்ள ஒன்று, பிளவுக்குச் செங்குத்தாக, வில்லுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இறகின் திசையும் மர இழையின் திசையும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாத தண்டில் இறகைப் பிய்த்து, இழையை வைத்துத் தொடங்கி மறுபடி ஒட்டுங்கள். இரண்டு மூன்று அம்புக்கு மேல் அப்படி இருக்காது. சலிப்பான வேலைதான், ஆனால் கை உங்களுடையது.

கூம்பில் மெல்லிய பூச்சாகப் பசை தடவி, குதையைத் திருகிக்கொண்டே இறக்குங்கள். உள்ளே சிக்கிய காற்று குதையைத் திரும்ப மேலே தள்ளப் பார்க்கும்; பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். திசையைச் சரிசெய்து, வழிந்த பசையைத் துடைத்து, உடனே உருட்டிப் பாருங்கள். தண்டின் வால்பக்கத்தை இரண்டு விரல் நகங்களுக்கு நடுவே வைத்துச் சுழற்றும்போது குதை வட்டமடித்து ஆடினால் அது கோணலாக உட்கார்ந்திருக்கிறது. பசை இளகியிருக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் திருத்த முடியும். கோணலான குதை அம்பின் வாலை ஒரு பக்கம் உதைத்துவிடும். வில்லாளி தான் நாணை விடும் முறையில் குறை தேடிக்கொண்டிருப்பார். ஒருநாள் முழுக்கக் காய்ந்த பிறகு நாணில் தொங்கவிடும் சோதனையைச் செய்யுங்கள்.

அப்போதும் ஒன்றிரண்டு சற்றுத் தளர்வாகவோ இறுக்கமாகவோ இருந்தால், கொதிநீரில் காதுகளை மட்டும் சில நொடி காட்டி, இளகியதும் லேசாக நெருக்கியோ விரித்தோ ஆறவிடலாம். இது நுண்ணிய திருத்தத்துக்கு மட்டும். வெளுத்த கோடு விழுந்த காதுக்கு எந்த வைத்தியமும் கிடையாது. அந்தக் குதை குப்பைக்கு.

மரத்தில் வெட்டும் குதை: இந்த அம்புகளில் வேண்டாம்

மேரி ரோஸ் அம்புகளைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1545இல் சோலன்ட் நீரிணையில் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட அந்தக் கப்பலில் 3,500க்கும் மேற்பட்ட அம்புகள் கிடைத்தன. ஆனால் அவை வெறும் மரத்தில் வெட்டிய குதைகள் அல்ல. நாண் உட்காரும் பிளவுக்குச் செங்குத்தாக, சுமார் 2 அங்குல நீளத்துக்கு இன்னொரு பிளவு போட்டு, அதில் கொம்புத் தகடு ஒன்றைச் செருகியிருந்தார்கள். கொம்பு கடலில் அழிந்துவிட்டது. தகடு இருந்த பள்ளம்தான் மிச்சம். நூறு பவுண்டுக்கும் மேல் இழுவிசை கொண்ட போர்வில்லின் நாண் மரத்தைப் பிளந்துவிடாமல் தாங்குவது அந்தத் தகட்டின் வேலை. தண்டுகளில் பெரும்பாலானவை பாப்லர் மரம். உங்கள் சிடார் மென்மையானது, நேராகப் பிளக்கும் குணமுள்ளது. கட்டோ தகடோ இல்லாமல் சிடாரில் வெட்டிய குதை, நல்ல பிளாஸ்டிக் குதையைவிடப் பாதுகாப்பானது அல்ல.

அதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு. உங்கள் தண்டுகள் ஏற்கெனவே கூம்பாகச் சீவப்பட்டவை. குதை வெட்ட வேண்டுமென்றால் சுமார் 2 செ.மீ. கூம்பை வெட்டி எறிய வேண்டும். பிறகு 1 செ.மீ. ஆழம் பிளவு வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் குதையின் அடி கூம்பு நுனியைத் தாண்டி வெளியே இருந்தது என்பதையும் சேர்த்தால், நாண் உட்காரும் இடம் 3 செ.மீ.க்கு மேல், அதாவது ஓர் அங்குலத்துக்கு மேல் முன்னே வந்துவிடும். உங்கள் அம்பு 29 அங்குலம் என்றும், முழு இழுப்பில் வில்லின் முன்பக்கத்தைத் தாண்டி ஓர் அங்குலமே நிற்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அங்குலம் போனால் கூர்முனை வில்லின் முன்பக்கத்துக்குப் பின்னால், உங்கள் கைமீது வந்து நிற்கும். அந்த நிலையில் விட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. எனவே இந்தப் பன்னிரண்டு தண்டுகளில் இந்த முயற்சி கூடவே கூடாது.

ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. அடுத்த முறை கூம்பு சீவாத முழு நீளத் தண்டுகளை வாங்குங்கள். ஆஷ் அல்லது பிர்ச் மரம் நல்லது. வளையங்களைக் குறுக்காகக் கடக்கும் கோடு ஒன்றை வால்முனையில் பென்சிலால் போடுங்கள். முனையிலிருந்து 10 மி.மீ. தள்ளி, அந்தக் கோடு ஓடும் திசையிலேயே, தண்டின் நட்டநடுவே 3 மி.மீ. துளை போடுங்கள். 8.7 மி.மீ. தண்டில் துளையின் இருபுறமும் 2.85 மி.மீ. மரம் மிஞ்சும், துளை அரை மி.மீ. விலகினாலும் ஒரு காது மெலிந்துவிடும். இரண்டு மூன்று ஆக்சா பிளேடுகளைச் சேர்த்து டேப் சுற்றி, கோட்டின் வழியே துளைவரை அறுங்கள். துளை இருப்பதால் பிளவின் அடி வட்டமாக முடியும். சதுர மூலையாக விட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். மடித்த உப்புத்தாளால் உட்பக்கத்தை நாண் வழுக்கும்படி தேய்த்து, விளிம்புகளை உருட்டிவிடுங்கள்.

பிறகு பிளவின் அடிக்குக் கீழே 8 முதல் 10 மி.மீ. அகலத்துக்கு லினன் அல்லது பட்டு நூலை இறுக்கி, சுற்று சுற்றாக நெருக்கிக் கட்டுங்கள். மெல்லிய சூப்பர் குளூவைச் சொட்டுவிட்டு ஊறவையுங்கள். கணவரின் பாட்டிலுக்கு வேலை இங்கேதான். இந்தக் கட்டு இல்லாமல் ஓர் அம்பையும் எய்யாதீர்கள். 38 பவுண்டுக்குக் கடினமரமும் நூல்கட்டும் போதும். கொம்புத் தகடு அழகுக்கும் கூடுதல் உறுதிக்கும் செருகலாம். வெட்டிய குதைக்குப் பிளாஸ்டிக் குதையின் பிடி இருக்காது. ஆகவே தொங்கவிடும் சோதனையில் தேற, நூல்சுற்றின் தடிமனை இன்னும் கவனமாகப் பொருத்த வேண்டும். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், உங்கள் பிரிவின் விதியை முதலில் படித்துவிட்டு முடிவெடுங்கள். வரலாற்றுப் பிரிவுகள் சிலவற்றில் பிளாஸ்டிக்குக்கு இடமில்லை.

கடையும் சங்கமும்

குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் பெறும் உரிமை, பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் உண்டு. ஆனால் உங்கள் குதைகளில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. முதலில் நன்றாகவே பொருந்தின. வார்னிஷும் தடித்த நூலும் சேர்ந்து கெடுத்தன. அரத்தால் ராவிய பொருளைத் திருப்பிக் கேட்பதும் நியாயமாக இராது. ஒரு டஜன் குதை சில பவுண்டுகள்தான். அதே கடையில் உங்கள் நாணைக் காட்டி, அதற்குப் பொருந்தும் குதையைக் கேட்டு வாங்குங்கள்.

சங்கத்தில் கட்டாயம் சொல்லுங்கள். பொருத்தமற்ற அம்பினால் நேர்ந்த சம்பவத்துக்காகப் பதிமூன்று வயதுப் பையனை விலக்கும் சங்கத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. அதைச் சொன்னால், கருவிச் சோதனையின்போது மற்றப் பிள்ளைகளின் குதைகளையும் பயிற்றுநர் நாணில் தொங்கவிட்டுப் பார்ப்பார். ராவிய குதை ஒன்றையும் இரண்டு நாண்களையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மகனுக்குத் தனியாக ஆறு அம்புகள் செய்து கொடுங்கள். 38 பவுண்டு வில்லுக்கான தண்டு 20 பவுண்டு வில்லுக்கு மிகவும் விறைப்பு. குதை பொருந்தினாலும் அம்பு பக்கவாட்டில் போகும். அவனுக்கு 5/16 அங்குலத் தண்டில், கிடைப்பதிலேயே இளகிய விறைப்புத் தரமும் 5/16 குதையும் சரியாக இருக்கும். தண்டு வாங்கும்போது அவன் இழுப்பைவிட இரண்டு அங்குலம் நீளமாக வெட்டுங்கள், வளரும் பிள்ளை. குதை ஒட்டும் வேலையையும் நாணில் தொங்கவிட்டுச் சுண்டிப் பார்க்கும் சோதனையையும் அவன் கையாலேயே செய்யட்டும். எந்த அம்பு நிற்கும், எது விழும் என்று தானே பார்த்த பிறகு வில்லை எடுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் ஐந்து மீட்டர் தூரத்தில், பெரிய இலக்கில், அரை இழுப்பில் எய்தால் போதும்.